யாம் கேட்டதும் கேளாததும்

இசையைப் பற்றி எழுதும் தகுதி இருவகையினர்க்கே உரியது. ஒருவர் பாடவோ இசைக்கவோ வல்லவர். மற்றவர் இசையிலக்கணத்தைத் துறைபோகக் கற்றவர். யாம் இவ்விரு வகையிலும் சேரோம். வகுப்பறையில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற எமக்குள்ள தகுதி ஒன்றே ஒன்றுதான்: அறுபது ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கின்றோம். வள்ளுவப் பெருந்தகை கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் 'கேள்வி' என்று நாற்பத்திரண்டாம் அதிகாரத்தை வைத்துள்ளார். கல்லாதவனும் கேட்கலாம் என்று அவர் தந்த ஆறுதலைப் பற்றிக்கொண்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். எம் வாழ்நாள் பித்து ஒன்றின் கதை இது. அப்பித்தினால் யாம் பெற்றதையும் இழந்ததையும் ஒளிக்காமல் சொல்வதே நோக்கம்.

எம் தாய்மாமன் இராசிபுரத்தில் ஒலிபெருக்கி நிலையம் நடத்தி வந்தார். ஊரார் வழக்கில் அது 'மைக் செட்' கடை. ஒரு பெருக்கி, ஒரு தட்டுச் சுழற்றி, இரண்டு கூம்புக் குழாய்கள், ஒரு லாரி பேட்டரி, இரும்புப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள். இவையே கடையின் முழுச் சொத்து. மாரியம்மன் திருவிழாவிற்கும் நிக்காஹ் வீட்டிற்கும் தேவாலயத் திருநாளுக்கும் அரசியல் கூட்டத்திற்கும் அதே குழாய்கள்தாம் சென்றன. விழா எவருடையதோ அவருக்குரிய பாட்டு முதலில் ஒலிக்கும். பிறகு எல்லார்க்கும் பொதுவான திரைப்பாட்டு. சீர்காழி கோவிந்தராசனும் நாகூர் ஈ.எம். ஹனீபாவும் கே.பி. சுந்தராம்பாளும் ஒரே இரும்புப் பெட்டியில் அடுத்தடுத்து உறங்கினர். ஹனீபா அவர்களின் தட்டை வைக்கும்போது மட்டும் மாமா பெருக்கியின் திருகைச் சற்றே பின்னுக்குத் திருப்புவார். "இவருக்குக் குழாயே வேண்டியதில்லைடா தம்பி" என்பார்.

எட்டு வயதில் அக்கடையில் எமக்குக் கிடைத்த வேலை ஊசி மாற்றுவது. அக்காலத்து 78 சுழல் தட்டு அரக்குக் கலவையால் ஆனது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் ஓடும். எஃகு ஊசி ஒரு பக்கம் ஓடி முடிவதற்குள் தேய்ந்துவிடும். பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது முறை. கஞ்சத்தனத்தால் அதே ஊசியை மீண்டும் வைத்தால் தட்டின் பள்ளம் கெடும். யாம் ஒருநாள் விளையாட்டு மயக்கத்தில் மாற்ற மறந்தபோது மாமா தெருவின் மறுமுனையிலிருந்து ஓடிவந்தார். "ஊசிய மாத்துடா, தட்டு அழுவுது" என்றார். ஊரில் வேறு எவர் செவிக்கும் அந்த அழுகை எட்டவில்லை. ஓசைக்குள் ஓசை கேட்கும் செவி ஒன்று உண்டு என்பதை யாம் அன்றுதான் அறிந்தோம். அச்செவி எமக்கும் வேண்டும் என்ற ஆசை அக்கணத்தில் பிறந்தது.

அத்தட்டுகளில் ஒலித்த பாட்டுகள் பல எம் மண்ணிலேயே விளைந்தவை என்பது பின்னாளில் தெரிந்தபோது எமக்கு ஏற்பட்ட வியப்புக்கு அளவில்லை. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர். சுந்தரம், நூற்புத் தொழில் கல்விக்காக இங்கிலாந்து சென்று திரும்பியவர், 1930-களின் நடுவில் சேலத்தில் ஏற்காட்டுச் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தை எழுப்பினார். அங்கு நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் உருவாயின. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938-இல் இங்கிருந்தே வெளிவந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் வந்தது. 1950-இல் வெளிவந்த 'மந்திரிகுமாரி'யில் ஜி. இராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய பாட்டு மாமாவின் பெட்டியில் மூன்று படிகள் இருந்தன, இரண்டு தேய்ந்துபோனவை. காவிரிக்கு அக்கரையில் கொடுமுடியில்தான் சுந்தராம்பாள் பிறந்தார். சேலம் சமவெளி மாங்கனிக்கும் நெசவுக்கும் மட்டும் பெயர் பெற்றது என்பார்க்கு யாம் இவற்றை எடுத்துக்காட்டுவது வழக்கம்.

கல்லூரியில் பயின்ற காலத்தில் எம் செவிக்கு உணவளித்தது வானொலி. திருச்சி நிலையம் 1939 முதல் இயங்கி வந்தது. கோவை நிலையம் 1966-இல் தொடங்கியது. ஆயினும் இரவில் விடுதி அறைகளில் யாம் காத்திருந்தது இலங்கை வானொலிக்காக. பி.எச். அப்துல் ஹமீது அவர்களின் தமிழ் உச்சரிப்பைக் கேட்டுத் தம் நாவைத் திருத்திக்கொண்ட மாணவர் பலர். அலை ஏறியும் இறங்கியும் வரும். பாட்டு நடுவில் மறைந்து மீண்டும் தோன்றும். அந்நாளில் வானொலிப் பெட்டி வைத்திருப்போர் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டும் என்பது இன்றைய மாணவர்க்குக் கதை போலத் தோன்றும். 1980-களில்தான் அக்கட்டணம் நீங்கியது.

பின்னர் ஒலிநாடாக் காலம். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய கேசட் எம் ஊர்களுக்குப் பரவியது 1970-களின் பிற்பகுதியில். வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் விடுமுறையில் வந்த உறவினர், துணிப்பெட்டிக்கு நடுவில் துண்டால் சுற்றி ஒரு டேப் ரெக்கார்டரைக் கொண்டுவருவர். தெருவே திரண்டு வந்து பார்க்கும். சேலம் கடைவீதிப் பதிவு நிலையங்களில் பாட்டுகளின் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் நான்கு நாளில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிட நாடாவில் பக்கத்திற்கு ஆறு அல்லது ஏழு பாட்டு. எந்தப் பாட்டை விடுவது என்று முடிவு செய்ய இரவெல்லாம் விழித்திருந்ததுண்டு.

விரிவுரையாளர் பணி கிடைத்ததும் எம் பித்து சம்பளத்தோடு சேர்ந்து வளர்ந்தது. முதலில் ஒரு எச்.எம்.வி. தட்டுப்பெட்டி. பிறகு கல்கத்தாவின் சோனோடைன் பெருக்கி. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் 1991-க்குப் பின் தளரத் தளர, எம் ஆசையும் தளை நீங்கியது. பயன்படுத்திய தோரன்ஸ் தட்டுச்சுழற்றி ஒன்றைச் சென்னையில் வாங்கி, மடியில் வைத்தே பேருந்தில் கொண்டுவந்தோம். இறுதியாக ஆங்கில நாட்டு டனாய் ஒலிபெருக்கி இரண்டு. அவற்றின் விலையை எம் இல்லத்தரசியாரிடம் பாதியாகக் குறைத்தே சொன்னோம். அப்பாதியைக் கேட்டே அவர் சிறிது நேரம் பேசவில்லை. ஒன்றை மட்டும் இங்குக் குறிக்கவேண்டும். 1926-இல் தோன்றிய அந்த டனாய் நிறுவனம் பொது அறிவிப்பு ஒலிபெருக்கிகளால் பெயர் பெற்றது. பிரித்தானியாவில் 'டனாய்' என்றாலே 'மைக் செட்' என்று பொருள் கொள்ளும் அளவுக்கு அச்சொல் வழக்கில் கலந்துவிட்டது. எத்தனையோ பணம் செலவிட்டு, யாம் மாமாவின் கடைக்கே திரும்பி வந்திருந்தோம்.

இக்கருவிகள் கற்றுத்தந்தவை பல. 78 சுழல் தட்டின் பள்ளம் அகன்றது. அதற்கு ஏறத்தாழ 0.075 மில்லிமீட்டர் முனை வேண்டும். நெடுநேரத் தட்டுக்கோ 0.025 போதும். சிறிய முனையைப் பெரிய பள்ளத்தில் ஓடவிட்டால் அது அடியிலுள்ள தூசியைக் கிளறி இரைச்சலையே பாடும். தட்டு பழுது என்று உலகம் ஒதுக்கிய பல, ஊசியின் பிழையால் பழிசுமந்தவையே. மற்றொன்றும் கற்றோம். எம் உள்ளங்கவர்ந்த பாட்டுகள் ஒற்றைத்தடப் பதிவுகள். பாடகரும் வயலினும் தபேலாவும் ஒலிவாங்கிக்கு அருகிலும் தொலைவிலும் நின்று, அத்தொலைவினாலேயே பெருமையும் சிறுமையும் பெற்றனர். தமிழ்த் திரைப்பாட்டில் இரட்டைத்தடப் பதிவுக்கு முன்னோடியாக 1978-இல் வந்த 'பிரியா' போற்றப்படுகிறது. எனவே யாம் இரண்டு பெருக்கிகளை எட்டடி இடைவெளியில் நிறுத்தினாலும், லோகநாதன் நடுவில் ஒரே புள்ளியில் நின்றே பாடினார்.

கருவியை அளப்பதற்கு நேரில் கேட்ட இசையே அளவுகோல். திருவரங்கத்தில் வாழ்ந்த நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானா (1924–1999) அவர்களின் வாசிப்பை ஒரு விழாவில் பத்தடித் தொலைவில் நின்று கேட்டோம். அக்காற்று நெஞ்சில் மோதியது. வீடு திரும்பி அவருடைய ஒலிநாடாவை இட்டுப் பார்த்தோம். இசை இருந்தது, காற்று இல்லை. அந்தக் காற்றைத் தேடியே மேலும் பத்தாண்டு செலவழித்தோம்.

கருவி நன்று, அறை சரியில்லை என்று அடுத்துத் தோன்றியது. எம் இல்லம் புதுச்சத்திரத்திற்கு அருகே சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையை ஒட்டியது. நாமக்கல்லோ லாரிகளின் ஊர். காற்று ஒலிப்பான்கள் இரவும் பகலும் ஓய்வதில்லை. சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்தினால் வேர்வை. நிறுத்தாவிட்டால் விசிறியின் ஓசை வீணையின் கார்வையை விழுங்கும். யாம் வேர்வையைத் தேர்ந்தோம். முட்டைக்குப் பெயர்பெற்ற மாவட்டமாயிற்றே. பண்ணையிலிருந்து காகித முட்டைத் தட்டுகளை வண்டியில் வரவழைத்துச் சுவரெங்கும் அறைந்தோம். பார்த்தவர் கோழி வளர்க்கப் போகிறீர்களா என்று வினவினர். முட்டைத் தட்டு அறைக்குள் எழும் எதிரொலியை ஓரளவு விழுங்குமே தவிர, வெளியிலிருந்து வரும் ஓசையைத் தடுக்காது. ஓசையைத் தடுக்கவல்லது எடையும் இடைவெளியுமே.

ஆகவே 2008-இல் ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் தனியறை ஒன்று எழுப்பினோம். இரட்டைச் சுவர், நடுவே வெற்றிடம், கனத்த தேக்குக் கதவு, கதவின் விளிம்பெங்கும் இரப்பர்ப் பட்டை. அளவுக்கு யாம் நாடியது சிலப்பதிகாரத்தை. அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் இருபத்துநான்கு விரல் நீளமுள்ள கோலால் ஏழுகோல் அகலமும் எண்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் கொண்ட அரங்கை வகுக்கின்றார். தமிழாசிரியர்க்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? பதினான்கடி அகலம், பதினாறடி நீளம், எட்டடி உயரம் என்று கட்டிமுடித்தோம். தாழ்ந்த ஒலிகள் அறையின் நடுவில் வீங்கி வழிந்தன. அகலமும் நீளமும் நெருங்கி, உயரம் நீளத்தில் சரிபாதியாக உள்ள அறையில் அப்படித்தான் ஆகும் என்று பின்னர்க் கற்றோம். பிழை அடிகளுடையது அன்று. அவர் சொன்னது அவையோர் சூழ்ந்திருந்து காணும் மேடைக்கு. யாம் கட்டியது ஒருவர் மட்டும் அமரும் மூடிய பெட்டிக்கு. இவ்வேறுபாட்டின் முழுப்பொருள் எமக்கு விளங்க மேலும் ஆறாண்டு ஆயிற்று.

2014-ஆம் ஆண்டு, கார்த்திகை மாதத்து மழைநாள். முற்பகலில் அறைக்குள் சென்று கதவை அடைத்தோம். 'மந்திரிகுமாரி'ப் பாட்டை வைத்து, வரியின் தொடக்கத்தில் ஜிக்கி மூச்சிழுக்கும் மெல்லோசை புதிய ஊசியில் தெளிவாகக் கேட்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தோம். கேட்டது. உவகை மிகுதியால் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வைத்தோம். கதவு அதிரும்படி யாரோ தட்டியது அப்போதுதான் தெரிந்தது. அடுத்த வீட்டுப் பெண் நனைந்து நின்றாள். கொல்லைப்புறத்தில் துவைகல்லின் அருகே எம் இல்லத்தரசியார் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் மழையில் கிடந்தார். மணிக்கட்டு முறிந்திருந்தது. அறையிலிருந்து அவ்விடம் முப்பதடி. வேலிக்கு அப்பாலிருந்த பெண்ணுக்குக் கேட்ட குரல் எமக்குக் கேட்கவில்லை. எந்த ஓசையும் உள்ளே வரலாகாது என்று கட்டினோம்; வரவில்லை.

மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டபின் யாம் தலைகுனிந்து நின்றோம். அவர் சினந்திருந்தால் தாங்கியிருப்போம். "நாலு தடவை கூப்பிட்டேங்க. அப்புறம், பாட்டு முடிஞ்சா வருவீங்கன்னு இருந்துட்டேன்" என்றார். 1950-ஆம் ஆண்டில் சேலத்தில் யாரோ இழுத்த மூச்சைக் கேட்டவர் யாம். முப்பதடித் தொலைவில் நாற்பதாண்டுத் துணை அழைத்ததைக் கேளாதவரும் யாமே. பாட்டு முடியட்டும் என்று எத்தனை ஆண்டுகளாக எத்தனை சொற்களை அவர் அடக்கி வைத்திருந்தாரோ? அன்றிரவு அந்த இரப்பர்ப் பட்டையை எம் கையாலேயே பிடுங்கி எறிந்தோம். அதன்பின் அக்கதவு அடைக்கப்படவில்லை.

கதவைத் திறந்தும் கதை முடியவில்லை. சில ஆண்டுகளில் வீட்டார் பேசுவது புரியாமலாயிற்று. ஓசை கேட்கும், சொல் நழுவும். பேத்தி கேட்டதற்கு ஒன்றும் யாம் விடையளித்தது வேறொன்றுமாகக் குழந்தைகளுக்கு நகைப்பாயிற்று. பிறர் தெளிவாகப் பேசுவதில்லை என்று வாதிட்டோம். மகன் வற்புறுத்தியதால் 2019-இல் சேலத்தில் செவிச்சோதனை செய்துகொண்டோம். வரைபடத்தில் கோடு இடப்புறம் நேராக வந்து, நொடிக்கு 3,000 அலைவைக் கடந்ததும் மலைச்சரிவு போல் இறங்கிற்று. செவியின் உட்புறத்து நத்தையோடு போன்ற பகுதியில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன; உயர்ந்த ஒலிகளைப் பற்றுபவை வாயிலுக்கு அருகில் இருப்பதால் முதலில் மாய்கின்றன; மாய்ந்தவை மீண்டும் முளையா. இதனைச் சோதித்தவர் பொறுமையாக விளக்கினார். பேச்சில் உயிரெழுத்தின் ஆற்றல் தாழ்ந்த அலைவில் உள்ளது. சகரம் போன்ற மெய்களின் அடையாளமோ உயர்ந்த அலைவில். யாம் தமிழாசிரியர் ஆதலின் எமக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. எமக்கு உயிர் கேட்டது, மெய் கேட்கவில்லை.

20,000 அலைவு வரை பிசிறின்றிப் பாடும் என்று யாம் கடன்பட்டு வாங்கிய கருவிகளின் மேற்பாதி எப்போது எமக்கு ஊமையாயிற்று என்பதே தெரியாது. அன்று வீடு திரும்பி அறையில் அமர்ந்தோம். அச்சத்தோடு மாமாவின் பெட்டியிலிருந்த தட்டு ஒன்றை வைத்தோம். வியப்பினும் வியப்பு! ஒன்றும் குறையவில்லை. அத்தட்டுகளில் மிக உயர்ந்த அலைவுகள் பதிவாகவே இல்லை. பதிந்த சிறிதும் ஊசியின் இரைச்சலில் மறைந்தது. மாமாவின் கூம்புக் குழாயும் நடுக்குரலை மட்டுமே மைல் கடந்து அனுப்பியது. முதுமை எம்மிடமிருந்து பறித்தது, நாங்கள் முதலில் நேசித்த இசையில் முன்னமே இல்லாதது. ஆனால் பேத்தியின் மழலையில் அது இருந்தது. இழப்பு இசையில் அன்று, பேச்சில்.

இப்போது எம் இரு காதிலும் செவித்துணைக் கருவி உள்ளது. அவரை விதையளவுள்ள அதனுள் ஒலிவாங்கி ஒன்று, பெருக்கி ஒன்று, ஒலிபெருக்கி ஒன்று, மின்கலம் ஒன்று. எண்ணிப் பார்த்தால் இரும்புப் பெட்டி நீங்கலாக மாமாவின் மைக் செட் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. யாம் வாங்கியவற்றுள் இதுவே இறுதியானது; இதன் விலையை மட்டும் எம் இல்லத்தரசியாரிடம் குறைக்காமல் சொன்னோம். அவர் மறுக்கவில்லை. மாலையில் அவர் திண்ணையில் அமர்ந்து அவரைக்காய் நறுக்க, திறந்த கதவின் வழியே சுந்தராம்பாள் வெளியே செல்கிறார். லாரியின் ஒலிப்பான் உள்ளே வருகிறது. இரண்டும் கலந்தே கேட்கின்றோம். நடுவில் "என்னங்க" என்றால் தட்டிலிருந்து ஊசியை எடுத்துவிடுகின்றோம்.

மாணவச் செல்வங்களே! உங்கள் காதில் இப்போது தொங்கும் சிறு கருவி, யாம் நாற்பதாண்டு தேடியதினும் தெளிவாகப் பாடவல்லது. அதனைப் பழிக்கமாட்டோம். ஆயினும் உலக நலவாழ்வு நிறுவனம், 12 முதல் 35 அகவைக்குட்பட்டோரில் நூறு கோடிக்கு மேற்பட்டோர் பாதுகாப்பற்ற கேட்கும் பழக்கத்தால் செவியை இழக்கும் நிலையில் உள்ளனர் என்று எச்சரிக்கிறது. 80 டெசிபெல் அளவில் வாரத்திற்கு 40 மணிநேரமே வரம்பு என்கிறது. ஒலியளவைக் குறையுங்கள், நல்ல இசையை நேரிலும் சென்று கேளுங்கள். வீட்டில் இருக்கும்போது ஒரு காதையாவது திறந்து வையுங்கள். அம்மா அழைப்பார்கள். நான்காம் முறை அழைத்தபின் அவர்களும் பாட்டு முடியட்டும் என்று இருந்துவிடுவார்கள்.